மூளையில் ஏவிஎம், கேவர்னோமா: அறிக்கை கைக்கு வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

தேக்கா_கரை (இழை தொடக்கம்)

மூளை ரத்தக்குழாய்க் கோளாறு பற்றிய கேள்விகள் மருத்துவப் பகுதியில் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. கேவர்னோமா என்று அறிக்கை வந்தவருக்கு ஏவிஎம் பற்றிய பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் பயந்துபோய்த் தவறான முடிவெடுக்கலாம். துறையில் இருப்பவர்கள் இங்கே வந்து ஒரே இடத்தில் பேசினால் எல்லாருக்கும் பயன்படும்.

பேச வசதியாக ஒரு மாதிரி அறிக்கை வைக்கிறேன். யாருடையதும் அல்ல. ‘வயது 30. முதல் முறையாக வலிப்பு. இடது நெற்றிப்பொட்டு மடலில், பேச்சுப் பகுதியை ஒட்டி, 2.8 செ.மீ. ஏவிஎம். நடுப் பெருமூளைத் தமனியிலிருந்து வரத்து. ஆழ்சிரை வழியாக வடிகால். கசிவின் சுவடு இல்லை.’

இதை எப்படி வாசிப்பது? அடுத்த சோதனை என்ன? சிகிச்சையா, கண்காணிப்பா? அதுவரை வீட்டில் எப்படி இருப்பது?

படக்கூடம்

நல்ல தொடக்கம் அண்ணே. முதலில் பெயரைச் சரிபார்த்துவிடுவோம். ‘வாஸ்குலர் மால்ஃபார்மேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் முக்கியமாக நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு, வைத்தியமும் வேறு.

ஏவிஎம் என்றால் தமனியும் சிரையும் இடையில் தந்துகி இல்லாமல் நேராகச் சேர்ந்துவிட்ட முடிச்சு. அந்த முடிச்சுக்கு நைடஸ் என்று பெயர். தமனியின் முழு அழுத்தமும் சிரையின் மெல்லிய சுவரில் விழுகிறது, அதனால்தான் உடைகிறது. எம்ஆர்ஐ டி2 படத்தில் ரத்தம் வேகமாக ஓடுவதால் கருப்புப் புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தெரியும்.

கேவர்னோமாவில் வேக ஓட்டமே கிடையாது. விரிந்த தந்துகி அறைகளின் கொத்து அது. நடுவில் கலவையான நிறம், சுற்றிலும் பழைய ரத்தத்தின் இரும்புக் கறையால் ஒரு கருவளையம். ஆஞ்சியோகிராமில் தெரியாது. எஸ்டபிள்யூஐ என்ற எம்ஆர்ஐ வரிசையில்தான் நன்றாகத் தெரியும். அந்த வரிசை எடுக்காத எம்ஆர்ஐயில் சின்னக் கேவர்னோமாக்கள் தப்பிவிடும். ‘ஒன்றுதான் இருக்கிறது’ என்று அறிக்கை சொன்னால் எஸ்டபிள்யூஐ எடுத்தார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் இருந்தால் குடும்பவழி வகையாக இருக்கலாம், அப்போது விசாரணையே வேறு.

மூன்றாவது டிவிஏ, வளர்ச்சிக் காலத்தில் உருவான சிரை அமைப்பு. கான்ட்ராஸ்ட் போட்ட படத்தில் சின்னச் சிரைகள் குடைக்கம்பிபோல் விரிந்து ஒரு பெரிய சிரையில் சேரும்.

நான்காவது டியூரல் ஃபிஸ்டுலா. மூளையைச் சுற்றியுள்ள உறையில் தமனி சிரையோடு இணைந்திருக்கும். பெரும்பாலும் நடுவயதிலும் அதற்கு மேலும் வரும். நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் ‘விஸ் விஸ்’ என்ற ஒலி கேட்கும். சாதாரண எம்ஆர்ஐ ‘நார்மல்’ என்று வந்துவிடவும் கூடும். முதியவருக்கு சில மாதங்களில் மறதி வேகமாக ஏறி, வெள்ளைப் பகுதியில் காரணம் புரியாத வீக்கமும் இருந்தால் இதையும் தேட வேண்டும். அடைத்துவிட்டால் மறதி மீளக்கூடிய சில நிலைகளில் இது ஒன்று.

அங்மோகியோ_வாசகி

படக்கூடம் சார், டிவிஏ என்று வந்தால் எடுத்துவிடச் சொல்வார்களா?

படக்கூடம்

கூடவே கூடாது அம்மா. வடிவம்தான் விநோதம், வேலை சரியாகவே செய்கிறது. அந்தப் பகுதி மூளையின் ரத்தம் வெளியேற அது ஒன்றே வழி. எடுத்தால் ரத்தம் தேங்கி மூளை வீங்கும், கசியும். பக்கத்தில் கேவர்னோமா இருப்பதும் உண்டு. அப்படியிருந்து அறுவை செய்ய நேர்ந்தாலும் கேவர்னோமாவை மட்டும் எடுத்து டிவிஏவை விட்டுவிடுவார்கள். தனியாக, அறிகுறி இல்லாமல் இருக்கும் டிவிஏவுக்குத் தொடர் ஸ்கேன்கூடப் பொதுவாகத் தேவையில்லை.

எம்ஆர்ஐக்கு வருவோர் கவனிக்க: மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தாயத்தின் உள்ளே என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தால் முதல் நாளே நகைக்கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். ஸ்கேன் அறை வாசலில் நின்று மல்லுக்கட்டி, நேரம் போய், அன்றைய இடம் ரத்தாகிவிடுகிறது.

நரம்புவழி

ஏவிஎம் என்று உறுதியானால் அடுத்தது டிஎஸ்ஏ, அதாவது வடிகுழாய் ஆஞ்சியோகிராம். சிடி, எம்ஆர் ஆஞ்சியோகிராம்கள் முடிச்சு எங்கே இருக்கிறது என்று காட்டும். எந்தக் கிளை ஊட்டுகிறது, எந்த நொடியில் எந்தச் சிரை நிறைகிறது என்பதை டிஎஸ்ஏ மட்டுமே தெளிவாகக் காட்டும். இரு பக்க உட்கழுத்துத் தமனி, வெளிக்கழுத்துத் தமனி, முதுகெலும்புத் தமனி எல்லாவற்றிலும் மருந்து செலுத்திப் பார்க்க வேண்டும். வெளிக்கழுத்தை விட்டுவிட்டால் உறைவழியாக வரும் வரத்து தெரியாமல் போகும். பட வேகமும் முக்கியம். ஏவிஎம்மில் ஓட்டம் மிக வேகம், நொடிக்கு 2 படம் என்று எடுத்தால் தமனியும் சிரையும் ஒரே படத்தில் கலந்துவிடும். நொடிக்கு 6 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் வரிசை புரியும்.

அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: நைடஸுக்குள்ளோ வரத்துத் தமனியிலோ அனியூரிசம் (குழாய்ச் சுவரில் பலூன்போல் புடைப்பு) உண்டா, வடிகால் சிரையில் குறுக்கம் உண்டா, வடிகால் முழுவதும் ஆழ்சிரைக்கே போகிறதா. இவற்றைச் சொல்லாத டிஎஸ்ஏ அறிக்கை முழுமையானதல்ல.

தரம் பிரிக்க ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் முறை, 1986இல் வந்தது. அளவு 3 செ.மீ.க்குக் குறைவு 1 புள்ளி, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, பார்வை, கைகால் அசைவு, தலாமஸ், மூளைத்தண்டு போன்ற முக்கியப் பகுதியில் இருந்தால் 1. ஆழ்சிரை வடிகால் 1. மாதிரி அறிக்கையில் 2.8 செ.மீ. 1, பேச்சுப் பகுதி 1, ஆழ்வடிகால் 1, கூட்டினால் தரம் 3. இந்த எண் அறுவையின் ஆபத்தைச் சொல்வது. கசியுமா என்பதைச் சொல்வதல்ல. குடும்பத்தினர் பலர் ‘தரம் 5, ஆகவே சீக்கிரம் வெடிக்கும்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரம் 5 என்றால் வெட்டி எடுப்பது மிக ஆபத்து, அவ்வளவுதான்.

தரம் 3க்குள்ளேயே பேதம் அதிகம். மேலே சொன்ன சிறிய, ஆழ்வடிகால் உள்ள, முக்கியப் பகுதி முடிச்சும் தரம் 3தான். 4 செ.மீ. அளவில் முக்கியப் பகுதியில் இருந்து மேல்சிரையில் வடிவதும் தரம் 3தான். இரண்டும் அறுவையில் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. அதனால் 2010இல் வந்த துணைப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கிறோம்: வயது 20க்குக் கீழ் 1, 20 முதல் 40 வரை 2, அதற்கு மேல் 3, முன்பு கசியாதது 1, முடிச்சு இறுக்கமாக இல்லாமல் பரவியிருந்தால் 1. தரமும் துணைப் புள்ளியும் சேர்ந்து 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அறுவை ஓரளவு பாதுகாப்பு.

பூன்லே_பாலா

‘ஆண்டுக்கு 2 விழுக்காடு கசிவு’ என்றால் 40 ஆண்டில் 80 விழுக்காடா? அப்படித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள்.

நரம்புவழி

இல்லை தம்பி, பெருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தப்பிக்கும் வாய்ப்பைத்தான் பெருக்க வேண்டும். கசியாத ஏவிஎம்முக்குப் பல ஆய்வுகளைச் சேர்த்த சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 விழுக்காடு. தப்பிக்கும் வாய்ப்பு 0.978. அதை 40 முறை பெருக்கினால் 0.41 வரும். ஆக, 30 வயதுக்காரருக்கு 40 ஆண்டில் ஒரு முறையாவது கசியும் வாய்ப்பு 59 விழுக்காடு. 65 வயதுக்காரருக்கு 20 ஆண்டு என்று வைத்தால் 36. ஒரே முடிச்சு, வயதால் மட்டும் முடிவு மாறுகிறது.

ஒரு முறை கசிந்துவிட்டால் ஆண்டு ஆபத்து 4.5 விழுக்காடு அளவுக்கு ஏறும், முதல் ஆண்டில் அதைவிடக் கூடுதல். ஆழ இருப்பிடம், ஆழ்சிரை வடிகால் மட்டும் இருத்தல், அனியூரிசம் ஆகியவை இதை மேலும் ஏற்றும். சராசரியை அப்படியே எடுத்து ஒருவர் தலையில் வைக்காதீர்கள்.

கேவர்னோமாவுக்கு வேறு கணக்கு. முன்பு கசியாமல், மூளைத்தண்டுக்கு வெளியே இருந்தால் 5 ஆண்டில் 4 விழுக்காட்டுக்குக் கீழ். மூளைத்தண்டில், முன்பே கசிந்தோ நரம்புக் குறை காட்டியோ இருந்தால் 5 ஆண்டில் ஏறத்தாழ 31. ஒரே பெயரில் எட்டு மடங்கு வேறுபாடு. எதற்கும் ‘இருக்கட்டும் பார்ப்போம்’ என்று ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

நுண்ணோக்கி

இங்கே அருபா ஆய்வைப் பேசாமல் நகர முடியாது. கசியாத ஏவிஎம்களை மருந்துக் கண்காணிப்பு, தலையீடு என இரு பிரிவாக்கி 226 பேரைச் சேர்த்தார்கள். 2013இல் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2014இல் வெளியான முடிவில், சராசரி 33 மாதத்தில் மரணம் அல்லது பக்கவாதம் கண்காணிப்பில் 10.1 விழுக்காடு, தலையீட்டில் 30.7. இதை வைத்து ‘கசியாததைத் தொடாதே’ என்று சட்டம்போல் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

தலையீடு என்ற ஒரே கூடைக்குள் அடைப்பு (பசை செலுத்தி மூடுவது), கதிர்வீச்சு, அறுவை மூன்றையும் போட்டார்கள். அறுவை பெற்றவர்கள் அதில் சிறு பகுதியே. தரம் 1, 2 முடிச்சுகளைத் தேர்ந்த கையால் எடுத்தால் நிரந்தரக் குறை ஒற்றை இலக்க விழுக்காட்டில் நிற்கிறது, அதோடு ஆபத்தும் அன்றே முடிகிறது. 33 மாதத்தை வைத்து 30 வயதுக்காரரின் 40 ஆண்டை எடைபோட முடியாது.

நரம்புவழி

கால அளவு பற்றிச் சொன்னது சரி. ஆனால் 2020இல் வெளியான இறுதிக் கணக்கில் சராசரி 50 மாதம் பார்த்தும் இடைவெளி குறையவில்லை: 100 நோயாளி-ஆண்டுக்குக் கண்காணிப்பில் 3.4, தலையீட்டில் 12.3. அருபா சொல்வதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: கசியாத, தரம் 3க்கு மேற்பட்ட, வயதான நோயாளியிடம் ‘ஏதாவது செய்துவிடுவோம்’ என்று இறங்கக் கூடாது. தரம் 1, 2, வயது 30, மேற்பரப்பில் இருக்கிறது என்றால் அறுவையை மேசையிலிருந்து எடுக்க அருபா போதாது.

மாதிரியில் உள்ளவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்: தரம் 3, துணைப் புள்ளி வயதால் 2, கசியாததால் 1. முடிச்சு இறுக்கம் என்றால் மொத்தம் 6. பேச்சுப் பகுதி என்பதால் நான் முதலில் கதிரைத்தான் யோசிப்பேன்.

நுண்ணோக்கி

அதில் சண்டையில்லை. செயல்முறை எம்ஆர்ஐ எடுத்துப் பேச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அந்த இடத்தில் நானும் இறங்க மாட்டேன்.

அறுவை எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வரிசை மாறவே கூடாது. முதலில் வரத்துத் தமனிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், பிறகு முடிச்சைச் சுற்றிலும் மூளையிலிருந்து பிரிக்க வேண்டும், வடிகால் சிரை கடைசி. சிரையை முன்னதாக மூடினால் உள்ளே வரும் ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல் முடிச்சு கையிலேயே வெடிக்கும். சிவப்பாக இருந்த சிரை நீலமாக மாறினால்தான் வரத்து நின்றுவிட்டது என்று பொருள். சுற்றிலும் பிரித்த பிறகும் சிவப்பாகவே இருந்தால் எங்கோ ஒரு தமனி தப்பியிருக்கிறது, தேட வேண்டும். மிகக் கஷ்டம் அடியில் வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள். அவை சுட்டாலும் சுருங்காது, உள்ளே இழுத்துக்கொண்டு மறைவில் கசியும். சின்ன கிளிப் போடுவது நல்லது.

முடித்தவுடன் டிஎஸ்ஏ எடுத்து மிச்சம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மிச்சம் இருந்தால் ஆபத்து குறையாது. பிறகு 24 முதல் 48 மணி நேரம் மேல் ரத்த அழுத்தத்தைப் பொதுவாக 120க்குக் கீழ் வைப்போம். இத்தனை ஆண்டு குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய சுற்றுப்புற மூளைக்குத் திடீரென முழு அழுத்தம் கிடைத்தால் வீங்கும், கசியும்.

அவசரமாகக் கசிந்து வந்தவருக்கு: உயிருக்கு ஆபத்து என்றால் ரத்தக்கட்டியை மட்டும் எடுத்து அழுத்தம் குறைப்போம். ஏவிஎம்மைச் சில வாரம் கழித்து, முழு டிஎஸ்ஏவோடு அணுகுவதே பெரும்பாலும் நல்லது. இரத்தக்கொதிப்பு இல்லாத இளையவருக்கு மூளை மடலில் கசிவு, முதல் டிஎஸ்ஏவில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு விடக் கூடாது. ரத்தக்கட்டி முடிச்சை நசுக்கி மறைத்திருக்கும். கட்டி கரைந்தபின், 6 முதல் 12 வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

கதிரளவு

கதிர் அறுவை பற்றி. காமா நைஃப் என்று பெயர் இருந்தாலும் கத்தி இல்லை. இப்போதுள்ள வகைகளில் 192 கோபால்ட்-60 மூலங்களின் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். தலையில் நான்கு ஊசிகளால் சட்டம் பொருத்தி, மரத்துப்போகும் ஊசி போட்டு, அதே நாளில் எம்ஆர்ஐயும் டிஎஸ்ஏவும் எடுத்துத் திட்டம் போடுவோம். எம்ஆர்ஐ மட்டும் வைத்துத் திட்டமிட்டால் வடிகால் சிரையையும் முடிச்சு என்று எண்ணி வளைத்துவிடும் பிழை வரும்.

முடிச்சின் விளிம்புக்கு 18 முதல் 22 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுப்போம். 16க்குக் கீழே போனால் மூடும் வாய்ப்பு குறைகிறது. பின் ஏன் எல்லாருக்கும் 22 தருவதில்லை? விட்டம் இரட்டித்தால் கனஅளவு எட்டு மடங்கு. 2 செ.மீ. முடிச்சு ஏறத்தாழ 4 கனசெ.மீ., 3 செ.மீ. முடிச்சு 14. சுற்றியுள்ள நல்ல மூளையில் 12 கிரே பெறும் கனஅளவு கூடக்கூட வீக்கமும் சேதமும் கூடும். அதனால்தான் 3 செ.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் பெரியதைப் பகுதி பகுதியாகச் சில மாத இடைவெளியில் செய்வதுண்டு.

மக்கள் புரிந்துகொள்ளாத இடம் இது: கதிர் கொடுத்த அன்று எதுவும் மூடுவதில்லை. குழாயின் உட்சுவர் மெல்லத் தடித்து மூட 2 முதல் 3 ஆண்டு ஆகும். அதுவரை கசியும் ஆபத்து அப்படியே இருக்கும். சிறிய முடிச்சுகளில் 3 ஆண்டில் 70 முதல் 80 விழுக்காடு மூடும். ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மூடியதாகத் தெரிந்தால் 3ஆம் ஆண்டில் டிஎஸ்ஏ. எம்ஆர்ஐயில் தெரியவில்லை என்பதை வைத்து ‘குணம்’ என்று சொல்லக் கூடாது. மூடாவிட்டால் இரண்டாம் முறை கொடுக்கலாம்.

6 முதல் 18 மாதத்துக்குள் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம் வந்தால் கதிர் வீக்கமாக இருக்கலாம். டெக்சாமெத்தசோன் கொடுப்போம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சர்க்கரையை மளமளவென ஏற்றும், வீட்டில் குத்திப் பார்க்கும் கருவி கட்டாயம்.

நரம்புவழி

அடைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பசை வைத்து மூடிவிடலாமே’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓனிக்ஸ் போன்ற திரவத்தை நுண்குழாய் வழியாக முடிச்சுக்குள் செலுத்தலாம். ஆனால் அடைப்பு மட்டும் கொண்டு முழுதாகக் குணமாவது சிறுபான்மை. பெரும்பாலும் அறுவைக்கு முன் வரத்தைக் குறைக்கவோ, ஆபத்தான அனியூரிசத்தை மட்டும் மூடவோ செய்கிறோம். கதிருக்கு முன் அடைத்தால் பசை படத்தில் முடிச்சின் எல்லையை மறைத்துவிடும். ஆகவே யோசித்துத்தான்.

ஓனிக்ஸ் குப்பியைக் குறைந்தது 20 நிமிடம் குலுக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள டான்டலம் உலோகத்தூள் அடியில் தங்கி, திரையில் பசை எங்கே போகிறது என்றே தெரியாது. அதன் கரைப்பானை அவசரமாகச் செலுத்தினால் குழாய் சுருங்கும், சுவர் கெடும். பசை பின்வாங்கிக் குழாய் முனையைச் சூழ்ந்துகொண்டால் இழுக்கும்போது தமனி கிழியும்; அதற்காகவே முனை கழன்றுவிடும் குழாய்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மோசம், முடிச்சு மூடுமுன் பசை சிரைக்குள் ஓடி அடைப்பது. நுண்ணோக்கி சொன்ன அதே வெடிப்பு அப்போதும் நடக்கும்.

ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை வரும். கரைப்பானால் வருவது, பயப்பட வேண்டாம்.

இரவுப்பணி_செவிலி

டிஎஸ்ஏ முடிந்து வார்டுக்கு வருபவர்கள் பற்றி. தொடை வழியாகச் செய்திருந்தால் 4 முதல் 6 மணி நேரம் கால் மடக்காமல் படுக்க வேண்டும். இருமினாலும் தும்மினாலும் குத்திய இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளச் சொல்வோம். தொடை புடைத்தாலோ, பாதம் குளிர்ந்தாலோ, இடுப்பின் பின்புறம் வலி வந்தாலோ உடனே சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது வயிற்றின் பின்பக்கக் கசிவாக இருக்கலாம், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் மெட்ஃபார்மினைப் பொதுவாக 48 மணி நேரம் நிறுத்தி, ரத்தப் பரிசோதனை பார்த்தபின் தொடங்குவார்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால்: மணி பாருங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டு வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 995 (சிங்கப்பூர் அவசர ஆம்புலன்ஸ்). ஏவிஎம் என்று தெரிந்தவருக்குத் திடீர்க் கடும் தலைவலி, வாந்தி, வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றாலும் 995தான். டாக்சி பிடித்துப் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டாம்.

மாத்திரைப்பெட்டி

வலிப்பு மருந்து. பெரும்பாலும் லெவெட்டிராசிட்டம், பெரியவர்களுக்கு 250 அல்லது 500 மி.கி. நாளுக்கு இரு வேளை என்று தொடங்குவார்கள். சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவு குறையும். சிலருக்குக் கோபம், எரிச்சல், மனச்சோர்வு வரும். ‘இவர் மாறிவிட்டார்’ என்று வீட்டில் சண்டை வருமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம்.

கார்பமசெபின் எழுதினால் எச்எல்ஏ-பி 1502 மரபணுச் சோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த மரபணு இருப்பவர்களுக்குத் தோல் உரியும் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினர் புதிதாக இந்த மருந்தைத் தொடங்குமுன் சோதிப்பதை 2013 முதல் வழக்கமான நடைமுறையாக்கிவிட்டார்கள். இந்தியர்களுக்கும் பொருந்தும். ஊரிலிருந்து மாத்திரை வாங்கிவந்து தாமாகத் தொடங்குபவர்கள்தான் இதைத் தவறவிடுகிறார்கள்.

சாதாரணத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். இதய ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் ‘மூளையில் குழாய் இருக்கிறதே’ என்று தாமே நிறுத்தக் கூடாது. இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

அங்மோகியோ_வாசகி

தைப்பூசம் வருகிறது. வலிப்பு மருந்தில் இருக்கும் ஏவிஎம்காரர் காவடி எடுக்கலாமா? வீட்டில் இதுவே பெரிய வாக்குவாதம்.

இரவுப்பணி_செவிலி

அக்கா, பக்தியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் இரவு தூக்கமில்லை, வெயில், விரதம், தண்ணீர்க் குறைவு, தவறிய மாத்திரை. வலிப்பை வரவழைக்கும் காரணங்களில் பாதி இதிலேயே இருக்கிறது. பெரிய காவடியின் பாரம் தோளில் இருக்கும்போது வலிப்பு வந்தால் விழுபவர் ஒருவர் மட்டுமாக இருக்காது. அலகுக் காவடி வேண்டாம் என்பேன். பால்குடம், பகலில் தூங்கி எழுந்தபின் கூட்டம் குறைந்த நேரத்தில், மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு வேளை தவறாமல் போட்டு, கூடவே விவரம் தெரிந்த ஒருவர். அதற்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பூன்லே_பாலா

தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியருக்கு இப்படி வந்தால் செலவு யார் பொறுப்பு?

சமூகமேசை

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி. முதல் 15,000 வரை காப்புறுதி முழுதாகத் தரும், அதற்கு மேல் வரம்பு வரை முதலாளி 25 விழுக்காடு சேர்ப்பார். ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மூளைக் கசிவு என்றால் தீவிர சிகிச்சையிலேயே வரம்பை நெருங்கிவிடலாம், ஆகவே சேர்ந்த நாளிலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு உண்டு. வலிப்பு நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் வெளிநோயாளர் செலவுக்கும் மெடிசேவ் பயன்படும். மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு போக வேண்டும். நேராகத் தனியார் பிரிவில் பதிந்துவிட்டுப் பின் மானியப் பிரிவுக்கு மாறுவது எளிதல்ல. தேசிய சேவைக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் பிள்ளைகள் அறிக்கையை மறைக்காமல் காட்டட்டும்.

தேக்கா_கரை

குடும்பத்தில் மற்றவர்களும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இது அடிக்கடி வரும் கேள்வி.

நரம்புவழி

தனி ஏவிஎம்முக்குப் பொதுவாக வேண்டாம். விதிவிலக்கு எச்எச்டி என்ற பரம்பரை ரத்தக்குழாய் நோய். அதன் அடையாளங்கள் நான்கு: அடிக்கடி மூக்கில் ரத்தம், உதட்டிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்பில் ஏவிஎம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இதே நோய். நான்கில் மூன்று இருந்தால் உறுதி, இரண்டு என்றால் சந்தேகம். அப்போது நுரையீரலையும் குமிழி எக்கோ (நுண்குமிழி கலந்த உப்புநீரை ஏற்றி எடுக்கும் இதய ஸ்கேன்) மூலம் பார்க்க வேண்டும். நுரையீரலில் ஏவிஎம் இருந்தால் கிருமி வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்ச் சீழ்க்கட்டி வரும். பல் வைத்தியத்துக்கு முன் ஆன்டிபயாடிக், கையில் ஏற்றும் மருந்துக் குழாயில் காற்றுக் குமிழி புகாத வடிகட்டி இரண்டும் அவர்களுக்கு வேண்டும். பல மூளைக் கேவர்னோமாக்கள் உள்ள குடும்பத்துக்கு மரபணு ஆலோசனை உண்டு.

அங்மோகியோ_வாசகி

கடைசியாக ஒன்று. சென்னையிலோ வேலூரிலோ இரண்டாவது கருத்துக் கேட்கிறவர்கள் எதை அனுப்ப வேண்டும்? வாட்ஸாப்பில் படம் பிடித்து அனுப்பினால் போதுமா?

படக்கூடம்

போதாது அம்மா. ஃபிலிமைச் சன்னலில் பிடித்து எடுத்த படத்தில் சிரைக் குறுக்கமும் தெரியாது, அனியூரிசமும் தெரியாது. மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் டைகாம் வடிவத்தில் முழுக் கோப்பும் கேளுங்கள். டிஎஸ்ஏ என்றால் தேர்ந்தெடுத்த சில படம் வேண்டாம், ஓடும் தொடர் முழுவதும், ஒவ்வொரு தமனிக்கும் வேண்டும். எம்ஆர்ஐயில் டி2, எஸ்டபிள்யூஐ, கான்ட்ராஸ்ட் மூன்றும் இருக்கின்றனவா என்று வட்டைத் திறந்து பாருங்கள். சில சமயம் வட்டு வெறுமையாகவே வந்துவிடுகிறது. கதிர் கொடுத்திருந்தால் விளிம்பு அளவு, கனஅளவு, தேதி எழுதிய திட்டத் தாளும் சேர்க்க வேண்டும். கிளிப் போட்டிருந்தால் அதன் அட்டையையும் பயணப் பையில் வையுங்கள். அங்கே எம்ஆர்ஐ எடுக்குமுன் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.